ஒன்பதாவது புத்தகம்

காலையில் தெற்கே போகிற பஸ்ஸில் இடது பக்கம் உட்காரக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன், ஏறியதும் மறந்துவிடுகிறேன். பெண்கள் உட்காரும் பக்கம் என்று கால் தானாகப் போய்விடுகிறது. உட்கார்ந்து, பையை மடியில் ஏற்றி, சேலையை ஒதுக்கிய பிறகுதான் வெயில் கன்னத்தில் விழுகிறது. இப்போது மாற முடியாது, வலது பக்கம் நிறைந்துவிட்டது, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் இந்தக் கன்னம் காய வேண்டியதுதான். ஷட்டரை இறக்கலாம், இறக்கினால் காற்று வராது, காற்று வராவிட்டால் எனக்குக் குமட்டும். கேஸை மூடினேனா? பால் காய்ச்சினேன், உளுந்தங்களி கிண்டினேன், சட்டியை இறக்கினேன், களியை உருட்டி டப்பாவில் அடைத்தேன், அதற்கு மேல் கை சிலிண்டரின் திருகைத் திருப்பியதா என்று ஞாபகம் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு மில்லில் முதல் ஷிப்ட், போன் லாக்கரில் கிடக்கும், போய்ப் பார்க்கச் சொல்லவும் ஆள் இல்லை. மூடியிருப்பேன். மூடாமல் நான் கிளம்பியதே இல்லை. தினம் செய்கிற காரியம் மனதில் நிற்பதில்லை, அதுதான் தொந்தரவு. செய்யாமல் விட்டதுதான் நிற்கும். அப்படிப் பார்த்தால் ஞாபகம் இல்லாததே மூடியதற்கு அடையாளம். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அனுசுயா சிரிப்பாள். பை கனக்கிறது, தொடை மரத்துப் போகிறது. காகிதம் இவ்வளவு கனக்கும் என்று அரிசி தூக்குகிறவர்களுக்குத் தெரியாது.

கட்டைப்பையில் எட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒன்பதாவது தனியாக என் தோள்பையில், டிபன் டப்பாவுக்கு அடியில். அதை ஏன் தனியாக வைத்தேன் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்கிறேன். நேற்று அனுசுயா போனில் கேட்டாள். என் மருமகள். வளைகாப்பு முடிந்து பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். கால் வீக்கம் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்றெல்லாம் நான் கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், கடைசியில், வைக்கப் போகிற நேரத்தில், “அத்தை, நாளைக்கு வரும்போது என் புஸ்தகம் எல்லாத்தையும் கொண்டு வந்துருங்க, ஒண்ணு விடாம” என்றாள். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை தைத்தது. ஒண்ணு விடாம. பிரசவம் முடிந்து பிள்ளையோடு திரும்பி வரப்போகிறவள் படுத்துக்கொண்டே படிக்க இரண்டு புத்தகம் கேட்பாள், மூன்று கேட்பாள். எல்லாவற்றையும் யார் கேட்பார்கள்? இனி அந்த வீட்டில் என் சாமான் இருக்க வேண்டாம் என்று நினைக்கிறவள்தானே கேட்பாள். உடனே சிவபாலனுக்குப் போன் போட்டேன். என் மகன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கம்பெனியில் இருக்கிறான், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியப் போவான். சும்மா படுத்தே கிடக்காளேம்மா, படிக்கக் கேட்டிருப்பா என்றான். அதற்கு எதுக்குடா எல்லாம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் லாரி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான். சின்ன வயதில் மார்க் ஷீட் கொடுத்த அன்றைக்கு இவனுக்கு வயிறு வலிக்கும். இப்போது லாரி வருகிறது.

அனுசுயா கல்யாணமாகி வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. மிக்ஸி என்று நினைத்துத்தான் என் நாத்தனார் ராசம்மா பிரித்தாள். பிரித்தால் குட்டிக் குட்டிப் புத்தகங்கள், உள்ளே முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படம், பெரிய பெரிய கண்ணுள்ள பிள்ளைகள். பிறக்கப் போகிற பிள்ளைக்கு இப்போதே பொம்மைப் புத்தகம் வாங்கிவிட்டாளா என்று ராசம்மா கேட்க, கூடம் சிரித்தது. அனுசுயா முகம் மாறாமல், இல்லை, இதெல்லாம் நான் படிக்கிறது, ஜப்பான்காரர்கள் வரைந்தது, இதற்கு மாங்கா என்று பேர் என்றாள். அவ்வளவுதான், ராசம்மாவுக்கு அது போதும். மசக்கை வருவதற்கு முன்னாலேயே மாங்காயோடு வந்த மருமகள் இவள் ஒருத்திதான் என்று அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கூடவே ஒரு கவலையும். படித்த பெண், சென்னையில் கம்பெனியில் வேலை பார்த்தவள், கல்யாணத்துக்காக வேலையை விட்டு வந்திருக்கிறாள், இங்கே புருஷனும் வாரம் ஒரு நாள்தான், இவளுக்குப் பொழுது எப்படிப் போகும், எத்தனை நாளைக்கு இந்த வீடு பிடிக்கும் என்று அன்றைக்கே என் மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. என் மனது அப்படித்தான், கல்யாண வீட்டில் உட்கார்ந்து அடுத்த வருடத்தை நினைத்து வேர்க்கும்.

மத்தியானங்களில்தான் அது தொடங்கியது. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, கூடத்தில் பாயை விரித்து அவள் ஒரு பக்கம் படுத்துப் படிப்பாள். நான் ஒரு பக்கம் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருப்பேன். அவள் திடீரென்று சிரிப்பாள். சில நாள் கண்ணைத் துடைப்பாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அவள் குளிக்கப் போன நேரம் எடுத்துத் திறந்தேன். கடைசிப் பக்கம் மாதிரி இருந்தது, திருப்பினேன், ஒரு பெண் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் யாரையோ முதல் முதலாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். தலைமுடியை உலர்த்திக்கொண்டே வந்தவள், அத்தை, இது நம்ம பக்கம் மாதிரி இல்லை, வலது கைப் பக்கமிருந்து தொடங்க வேண்டும், பக்கத்துக்குள்ளேயும் வலமிருந்து இடம் என்றாள். தப்பான பக்கத்தில் திறக்கிறவர்களுக்காகவே சில புத்தகத்தில் நில், திரும்பிப் போ என்று ஒரு பக்கம் அச்சடித்து வைத்திருப்பார்களாம். அதுவும் இங்கிலீஷில்தானே இருக்கும், எனக்கு எப்படித் தெரியும். நான் ஏழாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டப் போய்விட்டேன். தமிழ் நன்றாகவே படிப்பேன், வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றையும் விட்டதில்லை. இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், சின்ன வார்த்தை கூட்டிப் படிப்பேன், நீளமானதைப் பார்த்தால் கண் தாண்டிப் போய்விடும். அன்றைக்கு அனுசுயா முதல் புத்தகத்தை எடுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, அங்கங்கே இருந்த இங்கிலீஷைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். சாயோ என்று ஒரு பெண். அம்மா அப்பா இல்லை. கடலோர ஊரில் அத்தை வீட்டில் வளர்கிறாள். அந்த அத்தை பேர் ஃபுமி, சாப்பாட்டுப் பெட்டி கட்டி விற்கிற கடை வைத்திருக்கிறாள். ஒரு பையன் இருக்கிறான், நெட்டையாக, ஒரு கண்ணை மறைத்து முடி விழுந்திருக்கும், வாயே திறக்க மாட்டான். இவனுக்காகவா அவள் உருகுகிறாள், முதலில் அந்த முடியை ஒதுக்கச் சொல் என்றேன். அனுசுயா பாயில் உருண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் தினமும். கீரை உருவுகிற வேலை காலைக்கு மாறியது. அந்தப் புத்தகங்களுக்கு என்று ஒரு பாஷை இருக்கிறது, அது இங்கிலீஷும் இல்லை, எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. முகத்துக்குப் பின்னால் பூ விரிந்தால் அந்த ஆள் மேல் இவளுக்குப் பிரியம். கன்னத்தில் சின்னச் சின்னக் கோடு போட்டால் வெட்கம். நெற்றியோரம் ஒரே ஒரு சொட்டு வேர்வை வந்தால் சங்கடம், சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கிற வெளிச்சமெல்லாம் போய் வெள்ளையாகிவிட்டால் தலையில் இடி விழுந்திருக்கிறது. சில பக்கத்தில் பேச்சே இருக்காது, மேகம், ஜன்னல், யாரோ வைத்துவிட்டுப் போன குடை, அவ்வளவுதான். முதலில் நான் அதையெல்லாம் சட்டென்று புரட்டப் பார்ப்பேன். அனுசுயா என் கையைப் பிடித்துக்கொள்வாள். “பேச்சு இல்லாத கட்டத்துலதான் அத்தை முக்கியமானது நடக்கும், நின்னு பாருங்க” என்பாள். பழகிப் போய் இப்போது வெளியிலும் அப்படித்தான் பார்க்கிறேன். சில்லறை இல்லை என்று சொல்கிற இந்தக் கண்டக்டர் நெற்றியில் அந்த ஒரு சொட்டு இருக்கிறது. முன் சீட்டில் காலேஜ் பிள்ளை ஒருத்தி போனைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவள் தலைக்குப் பின்னால் பஸ் கம்பியிலிருந்து பூ கொத்துக் கொத்தாக விரிகிறது. பெண்பிள்ளைகளுக்குத் தனியாக, கல்யாணமான பெண்களுக்குத் தனியாக என்று அங்கே வரைந்து தள்ளுகிறார்களாம். என் வயதுக்காரிக்கும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது அத்தை, மருமகளைப் பற்றிக் குறை சொல்கிற கதையாகப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்றாள். போடி என்றேன்.

ஒரு விஷயம் மட்டும் அப்போதிருந்தே உறுத்துகிறது. அந்த ஃபுமி பேசுவது. குடை எடுத்தியா, சாப்பிட்டியா, எண்ணெய் கொதிக்கும்போது பக்கத்துல வராதே, இந்த மேகத்தைப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, அடுப்பை அணைச்சேனா பாரு. இதெல்லாம் அந்த ஜப்பான்காரி சொல்கிறாள். அனுசுயா அதைப் படிக்கும்போது குரல்கூடக் கொஞ்சம் இழுத்தாற்போல் மாறும். நாலாவது புத்தகம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது, இது என் பேச்சு. அப்படியே எழுதியிருக்கிறதா, இவளாகப் போட்டுச் சொல்கிறாளா? கேலியா? கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வரும். கேட்டால், ஆமாம் அத்தை, உங்களை வைத்துத்தான் என்று சிரித்துவிட்டால் என்ன செய்வது, இல்லை என்று பொய் சொன்னாலும் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். என் பேச்சை ஒருத்தி காதில் வாங்கி வாங்கிச் சலித்துப்போய், விளையாட்டு மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது கூட்டிப் பார்த்தால் எல்லாம் சேர்கிறது. குடை எடுத்தியா என்று தினம் ஒருத்தி கேட்கிற வீட்டுக்கு யார் திரும்பி வருவார்கள்.

கயத்தாறு தாண்டுகிறது. கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் நிற்கின்றன, ஒன்று சுற்றுகிறது, பக்கத்தில் இருப்பது சுற்றவில்லை, ஒரே காற்றில் எப்படி என்று புரியவில்லை. அனுசுயா கிளம்பின அன்றைக்கும் சரியான காற்று. எங்கள் பக்கத்தில் பிரசவத்துக்குப் போகிறவள் போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, வாசல் தாண்டினால் திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஏன் என்று எனக்குத் தெரியாது, என் மாமியார் வீட்டிலிருந்து நானும் அப்படித்தான் போனேன். கையெல்லாம் வளையலோடு அவள் வாசலில் நின்று, என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள். ராசம்மா உடனே உஷ் என்றாள், நாலு பேர் சேர்ந்து உஷ் என்றார்கள். அனுசுயா வாயை மூடிக்கொண்டு கார் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கப்படி எல்லாம் சரியாக நடந்தது. அதுதான் இப்போது என்னைப் படுத்துகிறது. அன்றைக்கு அவள் என்ன சொல்ல வந்தாள்? போய்ட்டு வாரேன் என்றுதான் சொல்ல வந்தாளா? வேறு எதையோ சொல்ல வந்தவளை நாங்கள்தான் அடக்கிவிட்டோமா? திரும்பி வர மனசில்லாதவளுக்கும் இது வசதியான வழக்கம், ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாரும் நல்ல சகுனம் என்று சந்தோஷப்படுவார்கள். பின்கட்டில் அவள் போட்டு நடக்கிற ரப்பர் செருப்பு அங்கேயே கிடக்கிறது. முதல் வாரம் அதைப் பார்த்துத் தைரியமாக இருந்தேன், செருப்பை விட்டுப் போனவள் வருவாள் என்று. நேற்றோடு அந்தத் தைரியம் போயிற்று. ரப்பர் செருப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும், புத்தகம் அப்படி இல்லை. அதனால்தான் இன்றைக்கு விடியற்காலையில் ஒன்பதாவதை மட்டும் பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அது நாங்கள் இன்னும் படிக்காதது. ஒன்று இங்கே இருந்தால் ஒரு தடவையாவது வருவாள். கிளம்பும்போது மனசு கேட்காமல் மறுபடியும் பீரோவைத் திறந்து எடுத்துத் தோள்பையில் போட்டேன். கேட்டால் கொடுப்பது, கேட்காவிட்டால் திரும்பக் கொண்டுபோய்விடுவது. ஐம்பத்திரண்டு வயதில் செய்கிற காரியமா இது. பீரோ சாவியில் கவனம் போனதில்தான் கேஸ் விட்டுப்போயிருக்கும்.

அதை வெளியே எடுத்தேன். டப்பாவிலிருந்து நல்லெண்ணெய் கசிந்து அட்டையின் ஓரத்தில் ஒரு காசு அகலத்துக்கு இறங்கியிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தால் இன்னும் பரவியது. பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, பேரப்பிள்ளைக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கங்கைகொண்டான் வரைக்கும் என் மேலேயே எரிச்சலாக இருந்தது. வலது பக்கமிருந்து திறந்தேன். சாயோ ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிறாள், கையில் பெட்டி. படிப்பை முடித்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போகப் போகிறாள் என்று எட்டாவதில் முடிந்திருந்தது, சரிதான். ஃபுமி வழியனுப்ப வரவில்லை, கடையில் முள்ளங்கி நறுக்குகிறாள். ரயில் ஜன்னலில் ஒரு கை. ஒரு பக்கம் முழுக்கத் தண்டவாளம் மட்டும். அப்புறம் மடித்து வைத்த படுக்கை. மேஜையில் எப்போதும் இரண்டு கோப்பை இருக்கும், இப்போது ஒன்று. நான் புரட்டவில்லை, நின்று பார்த்தேன். அந்தப் பையன் முடி வெட்டியிருக்கிறான், இரண்டு கண்ணும் தெரிகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். உயரமான கட்டடங்கள். சாயோ ஆபீஸில், கூட்டத்தில், தனியாக. தரையில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள், நெற்றியில் ஈரத் துணி. பேச்செல்லாம் நீள நீள இங்கிலீஷ், விட்டுவிட்டேன். கடைசிக்கு வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. ஒரு வாசல், நம்மைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஜனங்கள் அவர்கள், அந்த இடத்தில் ஒரு ஜோடி ஷூ, பக்கத்தில் பூப்போட்ட துணியில் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி. அந்தத் துணி எனக்குத் தெரியும், முதல் புத்தகத்திலிருந்து பார்க்கிறேன், ஃபுமி கடைத் துணி. வந்துவிட்டாள். காய்ச்சலில் கிடந்தவள் டோக்கியோ போதும் என்று கடைக்கே திரும்பி வந்துவிட்டாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கன்னம் எரிவதுகூடக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. தாழையூத்து தாண்டும்போது மறுபடி திறந்து பார்த்தேன். ஷூதான் இடித்தது. ஸ்டேஷனில் சாயோ போட்டிருந்தது வார் வைத்தது, ஒல்லியானது. இது அகலமாக, வெளிப்பக்கம் குதிகால் தேய்ந்துபோய் இருக்கிறது. வரைகிறவள் அவசரத்தில் போட்டிருப்பாள். இல்லையென்றால் டோக்கியோவில் வாங்கின புது ஷூவாக இருக்கும், புது ஷூ ஏன் தேய்ந்திருக்கிறது, அதை விடு. வந்துவிட்டாள், அதுதான் முக்கியம்.

புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். சம்பந்தியம்மாள் இசக்கியம்மாள் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டு, “வாங்க மைனி, என்ன ஒரு பக்கம் மட்டும் மூஞ்சி செவந்து கெடக்கு” என்று மோர் எடுக்கப் போனார்கள். அனுசுயா உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்தாள். கால் வீங்கி, அவள் அப்பாவின் பெரிய செருப்பைப் போட்டிருந்தாள், அது தரையில் படக் படக் என்றது. முகம் தெளிவாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கட்டைப்பையை இழுத்து, புத்தகங்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். எட்டாவதை வைத்தவள் பைக்குள் இன்னொரு தரம் கையை விட்டாள். கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பேச்சே இல்லாத அந்தக் கட்டத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, நெற்றியோரத்தில் எனக்கு அந்த ஒரு சொட்டு வேர்வை நிஜமாகவே இறங்கியது. தோள்பையைத் திறந்து ஒன்பதாவதை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். எண்ணெய் பட்ட ஓரத்தை அவள் தடவிப் பார்த்தாள்.

“வீட்டிலேயே வச்சிட்டு வரலாம்னு பாத்தேன்” என்றேன்.

“எதுக்கு அத்தை?”

“எல்லாத்தையும் கேட்டியே.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவுக உங்ககிட்ட ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். லாரி வந்துவிட்டது என்று சிவபாலன் சொன்னான் என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளை பிறந்து கொஞ்சம் தேறியதும் சேரலாம், பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. சிவபாலனுக்கும் இங்கிருந்து தூத்துக்குடி பக்கம், தினம் வந்து போகலாம், பிள்ளையை வாரம் ஒரு நாள் பார்க்கிற தகப்பனாக இருக்க வேண்டாம். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனில் சொல்லக் கூடாது, நேரில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாளாம்.

“வளைகாப்பு அன்னைக்கு வாசல்ல இதைத்தான் சொல்ல வந்தியா?”

“இல்ல அத்தை. அன்னைக்குப் பாலைக் கீழே எறக்கலையேன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் வாயை அடைச்சிட்டாக.”

அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது உண்மைதான்.

“அப்ப இனிமே கோவில்பட்டிக்கு வர மாட்டே.”

“வருவேன் அத்தை” என்றாள். குனிந்து, புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னாள். “இருக்கத்தான் வரலை.”

நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தது அவ்வளவுதான், வந்து கட்டிலில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. மயக்கம் வரும், சண்டை வரும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஏன் என்று கேட்க வேண்டும், நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று ஒரு மாமியார் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நின்றன. என் வாயில் வந்தது வேறு. அந்த ஃபுமி பேசுகிறாளே, குடை எடுத்தியா, அடுப்பை அணைச்சேனா என்று, அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதா, நீயாகப் போட்டாயா என்று கேட்டேன்.

அனுசுயாவின் கன்னத்தில் அந்தச் சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. “பாதி நான் போட்டது. மொதல்ல சும்மா வெளையாட்டுக்குத்தான் போட்டேன் அத்தை. அப்புறம் வேற மாதிரிப் பேசினா அது ஃபுமியாவே தெரியலை.”

செருப்பை வாசலில் விட்டிருந்தேன், காலை மேலே தூக்கி மடித்துக் கட்டிலில் சரியாக உட்கார்ந்துகொண்டேன். படி என்றேன். அவள் சுவரில் சாய்ந்துகொள்ள, நான் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டேஷன், முள்ளங்கி, தண்டவாளம், ஒற்றைக் கோப்பை. நான் பஸ்ஸில் பார்த்தவைதான், இப்போது பேச்சோடு வந்தன. ஃபுமி ஏன் வழியனுப்ப வரவில்லை என்றால், வந்தால் அழுதுவிடுவாளாம். முடி வெட்டியவன் வந்ததும் அவள் என் தோளில் இடித்தாள். இசக்கியம்மாள் மோரை வைத்துவிட்டு, இரண்டு பேரும் என்னத்தைத்தான் பார்க்கிறீர்களோ என்று சொல்லிப் போனார்கள். கடைசிப் பக்கம் வந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிற அவசரத்தில், வந்துட்டாள்ல என்றேன்.

“யாரு?”

“சாயோதான். கடைக்குத் திரும்பி வந்துட்டாள்ல.”

அனுசுயா முந்தின பக்கத்துக்குப் போய் ஒரு தரம் படித்துவிட்டு வந்தாள். இது கடை இல்லை என்றாள். டோக்கியோவில் சாயோ இருக்கிற வாடகை வீடு. காய்ச்சலில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கடையைப் பூட்டிவிட்டு ஃபுமி ரயில் ஏறி வந்திருக்கிறாள். ஊரை விட்டு அவள் வெளியே போனதே இல்லை, முதல் தடவை. அது ஃபுமி ஷூ.

புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அகலம். குதிகாலில் வெளிப்பக்கத் தேய்மானம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளின் கால். பஸ்ஸிலேயே எனக்கு இடித்தது, சின்னப் பிள்ளை ஷூ இப்படி இருக்காதே என்று, நான்தான் அதை விடு என்று விட்டுவிட்டேன் என்றேன். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டேன். இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார்களாம், பத்தாவது வந்ததும் சொல்கிறேன் அத்தை என்றாள். டிபன் டப்பாவைத் திறந்து உளுந்தங்களி ஒரு உருண்டையை அவள் கையில் கொடுத்தேன், எண்ணெய்க் கையால் புத்தகத்தைத் தொடாதே என்றேன். ஏற்கெனவே யாரோ தொட்டாச்சு என்றாள். ஒன்பதையும் இங்கேயே வைத்துக்கொள், அங்கே கறையான் பயம் என்றேன். எங்கள் வீட்டில் கறையான் கிடையாது, அது அவளுக்கும் தெரியும். கேஸை மூடினேனா என்ற நினைப்பு வந்தது, மூடியிருப்பேன். சாயங்காலம் கிளம்பும்போது பஸ் வடக்கே போகும், வெயில் மேற்கே இறங்கும், மறுபடியும் இடது பக்கம்தான் காயும். போகவும் வரவும் வலது பக்கம் உட்கார வேண்டும். இனி அடிக்கடி வர வேண்டியிருக்கும், இதையாவது மறக்காமல் இருக்க வேண்டும்.